மீனின் எதிர்ப்புச் சக்தியும் எமது பொறுப்பும்

மலையக மக்களின் நிலத்தைத் தண்ணீர் பலமுறை எடுத்துக்கொண்டது. 1965இல் காசல்ரீ, 1960களின் இறுதியில் மவுஸ்ஸாக்கலை, 1985இல் கொத்மலை, 2012இல் மேல் கொத்மலை என்று ஒவ்வொரு நீர்த்தேக்கமும் நிரம்பியபோது, அதன் அடியில் வயலும் தோட்டமும் வீடும் மூழ்கின. மவுஸ்ஸாக்கலையில் நீர் வற்றும் காலத்தில் பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இன்றும் தலைகாட்டுகின்றன. இவர்களோடு, மண்சரிவால் வீடிழந்தவர்களும் 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது ஊரை விட்டிறங்கியவர்களும் சேர்ந்துள்ளனர். பயிர்செய்து பழகிய கைகள் இன்று பயிரிட நிலமின்றி நிற்கின்றன.

இக்குடும்பங்களுக்கு வாழ்வாதாரம் என்று காட்டப்படும் வழிகளில் நன்னீர் மீன்வளர்ப்பும் ஒன்று. நீர்த்தேக்கத்தில் குஞ்சு விடுகிறார்கள். குடியிருப்புக்குப் பக்கத்தில் சிறு குளம் வெட்டித் தருகிறார்கள். இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் குஞ்சு விட்ட சில வாரங்களில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், உடலைக் கல்லில் உராய்வதும், ஒரு காலையில் வெள்ளை வயிறு மேலாக மிதப்பதும் பல இடங்களில் நடக்கிறது. அப்போது எம்மிடம் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சாமி, இதுக்கு என்ன மருந்து போடலாம்?"

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு முன் கேட்கவேண்டிய வேறொரு கேள்வி உண்டு என்பதே எமது கருத்து. மீனுக்குத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி இருக்கிறதே, அது ஏன் வேலை செய்யவில்லை? இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், குற்றம் மீனில் மட்டுமோ வளர்த்தவரில் மட்டுமோ இல்லை என்பது தெரியவரும்.

ஒட்டுண்ணி எங்கும் உண்டு

ஒட்டுண்ணி இல்லாத குளம் கிடையாது. கண்ணுக்குத் தெரியும் மீன் பேன், தோலில் தலையைப் புதைத்து வால் வெளியே தொங்கும் நங்கூரப் புழு, செவுளில் ஒட்டும் நுண்ணிய தட்டைப்புழு, கண்ணுக்கே தெரியாத ஒருகல உயிர்கள் என்று பல வகைகள் உள்ளன. இவற்றுள் உலகமெங்கும் நன்னீர் மீனை அதிகம் கொல்வனவற்றில் ஒன்று வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒருகல உயிராகும். 1876இல் பிரான்சில் ஃபூக்கே என்பவர் இதை விவரித்துப் பெயரிட்டார். (1996இல் எமது நாட்டின் வடமேல் கரையோர இறால் பண்ணைகளைத் தாக்கிய வெண்புள்ளி நோய் வேறு. அது வைரஸால் வந்தது.)

இதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. நீந்தித் திரியும் குட்டி ஒட்டுண்ணி மீனின் தோலையோ செவுளையோ துளைத்து, மேல்தோலின் கீழ் புகுந்து தின்று பெருக்கிறது. உப்புத்தூள் தூவியதுபோல் நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி இதுவே. பெருத்தபின் மீனைவிட்டு விழுந்து, குளத்தின் அடியில் ஒரு கூட்டுக்குள் இருந்துகொண்டு நூற்றுக்கணக்காகப் பிரிகிறது. அவை மீண்டும் நீந்தி வந்து மீனைத் தேடுகின்றன. ஓரிரு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் பெரும்பாலானவை இறந்துபோகும். ஐந்து மீனுள்ள குளத்தில் மீனைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஐந்நூறு மீனை அடைத்த குளத்தில் திரும்பிய பக்கமெல்லாம் மீன்தான். ஒரே ஒட்டுண்ணி ஒரு குளத்தில் ஓரத்தில் கிடப்பதற்கும் இன்னொரு குளத்தை வெறுமையாக்குவதற்கும் முதற்காரணம் இந்த நெரிசல்.

மீனின் உடல் போராடும் விதம்

மீன் கையில் வழுக்குகிறதே, அந்த வழுவழுப்புத்தான் அதன் முதல் வேலி. அந்தச் சளியில் கிருமியின் சுவரைக் கரைக்கும் பொருட்களும், வேண்டாத உயிரைப் பிடித்து ஒட்டும் பொருட்களும் இருக்கின்றன. பழைய சளி கழன்று போகும்போது அதில் ஒட்டியவையும் போய்விடும். கரடுமுரடான வலையால் அள்ளி, காய்ந்த கையால் பிடித்து, சீமெந்துத் தரையில் துள்ளவிட்ட மீன் இந்த வேலியை இழந்த மீனாகும்.

வேலியைத் தாண்டிவிட்டால் இரண்டாவது காவல் எழுகிறது. எமது காலில் முள் குத்திய இடம் சிவந்து வீங்குவதுபோல மீனின் தோலிலும் வீக்கம் உண்டாகிறது. வெண்குருதிக் கலங்கள் அங்கு ஓடிவருகின்றன. இந்தக் காவலுக்கு எதிரி யாரென்று தெரியத் தேவையில்லை. யார் வந்தாலும் தாக்கும்.

மூன்றாவது காவல்தான் நினைவாற்றல் உள்ளது. எமது உடலில் எலும்பு மச்சை செய்யும் வேலையின் பெரும்பகுதியை மீனில் சிறுநீரகத்தின் முன்பகுதி செய்கிறது. அங்கும் மண்ணீரலிலும் வளரும் கலங்கள் குறித்த எதிரிக்கென்றே பிறபொருளெதிரிகளை உண்டாக்குகின்றன. மீனுக்கு இந்த ஆற்றல் மிகக் குறைவு என்று முன்னர் பலர் எண்ணினர். பின்வந்த ஆய்வுகள் அதை மாற்றின. 2005இல் வானவில் ட்ரவுட் மீனில் 'ஐ.ஜி.ரீ.' என்ற ஒருவகைப் பிறபொருளெதிரி கண்டுபிடிக்கப்பட்டது. அது குடலில் புகும் ஒட்டுண்ணிக்கு எதிராகக் குடலிலேயே பெருகி வேலை செய்கிறது என்று 2010இலும், வெண்புள்ளி ஒட்டுண்ணிக்கு எதிராகத் தோலிலும் அவ்வாறே என்று 2013இலும் ஆய்வுகள் வெளிவந்தன. வெள்ளையர் நுவரெலியா நீரோடைகளுக்குக் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் இனத்தைச் சேர்ந்த மீன்தான் இது.

1996இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட இன்னொரு செய்தி எமக்கு மிகவும் பிடித்தது. ஒருமுறை வெண்புள்ளி வந்து பிழைத்த கெளிறு மீனின் தோலில் உள்ள பிறபொருளெதிரிகள், மறுபடி புகும் ஒட்டுண்ணியை அங்கேயே கொல்வதில்லை. அதன் மேற்பரப்பைப் பற்றிப் பிடிக்கின்றன. இருப்புக்கொள்ளாத ஒட்டுண்ணி வளர்ந்து முடியுமுன்பே மீனைவிட்டு வெளியேறிவிடுகிறது. பிழைத்த மீன் பல மாதங்களுக்கு இந்த நினைவை வைத்திருக்கும். தாயிடமிருந்து குஞ்சுக்கும் இதில் பங்கு போகலாம். திலாப்பியா, அதாவது எம்மவர் ஜப்பான் மீன் என்று சொல்லும் மீன், முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பது தெரிந்ததே. நோயெதிர்ப்பு உண்டாக்கப்பட்ட தாய் மீனின் வாயில் இருந்த குஞ்சுகள் வெண்புள்ளியை நன்றாகத் தாங்கின என்று சிங்கப்பூர் ஆய்வாளர் 1994இல் காட்டினர்.

குளிரும் காலமும்

இவ்வளவு சக்தி இருந்தும் மீன் ஏன் சாகிறது? மீனுக்குச் சொந்தச் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவுதான் அதன் உடற்சூடு. ஆகவே அதன் எதிர்ப்புச் சக்தியின் வேகத்தையும் தண்ணீரே தீர்மானிக்கிறது. வெப்பநீர் மீனொன்று 25 பாகைச் சூட்டில் சில வாரங்களில் போதிய பிறபொருளெதிரிகளை உண்டாக்கிவிடும். குளிர்ந்த நீரில் அதே வேலைக்கு அதைவிட மிக நீண்ட காலம் செல்லும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை மட்டுமே. ஹட்டன் அதைவிடச் சற்றுச் சூடானது. ஆயினும் தாழ்நிலத்தோடு ஒப்பிட முடியாது.

குளிரில் ஒட்டுண்ணியும் மெதுவாகவே வளர்கிறது என்பது உண்மை. வெண்புள்ளி ஒட்டுண்ணி 25 பாகையில் ஒரு வாரத்துக்குள் ஒரு சுற்றை முடிக்கும். 15 பாகையில் ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும். எனவே இது ஒரு ஓட்டப்போட்டி. ஒட்டுண்ணி பெருகுமுன் மீனின் உடல் ஆயத்தமாக வேண்டும். ட்ரவுட் குளிர்நீர் மீன் என்பதால் 15 பாகையில் அது சுகமாக ஓடும். ஜப்பான் மீனோ அந்தக் குளிரில் இரையே சரியாக எடுக்காது. இரை எடுக்காத மீன் எதைக்கொண்டு போராடும்?

இதற்கு எமது நாடு கண்ட பெரிய சாட்சி 1980களின் கடைசியில் பரவிய புண் நோயாகும். ஆசிய நாடுகள் பலவற்றைத் தாண்டி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்த அந்நோயால் விரால் முதலிய மீன்கள் உடலெங்கும் ஆழமான சிவந்த புண்ணோடு செத்தன. பூஞ்சணம் போன்ற ஒரு நீர்வாழ் உயிர் தசைக்குள் ஊடுருவுவதே அதன் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. பெருமழை ஓய்ந்து, நீர் 18 முதல் 22 பாகை வரை குளிரும் காலத்தில்தான் அது அதிகம் வெடித்தது. அந்தக் குளிரில் நோயுயிரின் வித்திகள் நன்றாகப் பெருகின. விராலின் உடலோ நேரத்துக்கு எழும்பவில்லை. சூடான நீரில் வைக்கப்பட்ட விரால் அதே நோயிலிருந்து தேறியதை ஆய்வுகள் காட்டின.

ஆனால் அதே காலத்தில் சாதாக் கெண்டையும் ஜப்பான் மீனும் பெரும்பாலும் தப்பின. கெண்டையின் உடலில் ஊடுருவிய இழைகளை அதன் வெண்குருதிக் கலங்கள் விரைவாகச் சூழ்ந்து சுவர்போல் அடைத்துவிட்டன. எந்த இடத்துக்கு எந்த மீன் என்ற தேர்வே முதல் மருந்து என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? நுவரெலியா போன்ற உயரமான இடத்துக்குச் சாதாக் கெண்டையே பொருந்தும். வேறு இடத்தில் நன்றாக வளர்ந்தது என்பதற்காக ஜப்பான் மீனை அங்கு கொண்டுபோய் விடுவது அதன் உயிரோடு விளையாடுவதாகும்.

இடம் மாறிய குஞ்சு

தம்புள்ளை, உடவளவை போன்ற வெப்பமான இடத்து நிலையமொன்றில் பொரித்த குஞ்சு ஹட்டனுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். பிடிப்பதற்கு முதல்நாள் இரை நிறுத்தப்படுகிறது. பொலித்தீன் பைக்குள் ஒட்சிசன் நிரப்பி நூற்றுக்கணக்கில் அடைக்கப்படுகிறது. மலைப்பாதையில் பல மணி நேரம் குலுங்கி வருகிறது. 28 பாகை நீரிலிருந்து 19 பாகை நீருக்குள் ஒரே நொடியில் கொட்டப்படுகிறது. விருந்தினர் கைதட்டுகிறார்கள். படம் எடுக்கப்படுகிறது. எல்லோரும் போய்விடுகிறார்கள்.

அந்தக் குஞ்சின் உடலில் என்ன நடக்கிறது? பயமும் நெரிசலும் வந்தால் மீனின் உடலில் கோட்டிசோல் என்ற ஓமோன் பெருகுகிறது. ஓடித் தப்புவதற்குச் சக்தியைத் திரட்டித் தருவது அதன் வேலை. ஆனால் அதே ஓமோன் நீடித்து நின்றால் எதிர்ப்புச் சக்தியைக் கீழே அழுத்திவிடும். வீட்டில் நெருப்புப் பிடித்தால் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருக்க முடியாது என்பது போல, உடல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவதற்கே தயாராகிறது. அதன்பின் வரும் ஒன்றிரண்டு வாரங்கள்தான் ஒட்டுண்ணிக்கு அறுவடைக் காலம். புதிதாக விட்ட குஞ்சு இரண்டாம் வாரத்தில் சாவதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

இதை எமது வாசகருக்கு நாம் நீட்டி விளக்கத் தேவையில்லை. ஊரை விட்டு இரவோடிரவாக இறங்கி, பாடசாலை மண்டபத்தில் நெருக்கமாகப் படுத்து, வேளைக்குச் சாப்பாடும் உறக்கமும் இல்லாதிருந்தபோது இருமலும் வயிற்றோட்டமும் சிரங்கும் எப்படிப் பரவின என்று உங்களுக்குத் தெரியும். அப்போது உங்கள் பிள்ளைகளின் உடல் கெட்டுப்போய்விட்டது என்று யாராவது சொன்னால் ஏற்பீர்களா? இடமும் நீரும் உணவும் சரியாகக் கிடைத்தபோது அதே பிள்ளைகள் தேறினார்கள் அல்லவா?

மருந்துப் போத்தலின் எல்லை

"எல்லாம் சரி, ஏழைக் குடும்பம் வாரக்கணக்காகக் காத்திருக்க முடியுமா? ஒரு மருந்து ஊற்றினால் உடனே தீருமே" என்று சிலர் சொல்கிறார்கள். இது அக்கறையோடு சொல்லப்படும் வாதம் என்பதால் மதித்துப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, வெண்புள்ளி ஒட்டுண்ணி தோலுக்குள்ளும் அடிச்சேற்றுக் கூட்டுக்குள்ளும் இருக்கும்போது நீரில் ஊற்றும் மருந்து அதைத் தொடுவதில்லை. நீந்தித் திரியும் குட்டிகளை மட்டுமே கொல்லும். ஆகவே ஒரு தடவை ஊற்றிவிட்டுத் தீர்ந்தது என்று இருக்க முடியாது. சுற்றுக்குச் சுற்று திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். அந்தச் செலவு மீனின் விலையைத் தாண்டிவிடும். இரண்டாவது, மலக்கைற் பச்சை என்ற சாயம் முன்னர் பரவலாகப் பாவிக்கப்பட்டது. உண்ணும் மீனுக்கு அது இன்று பல நாடுகளில் தடை செய்யப்பட்டுள்ளது. மீனின் தசையில் தங்கி, உண்பவருக்குத் தீங்கு செய்யலாம் என்பதே காரணம். தேயிலைக்கோ மரக்கறிக்கோ அடிக்கும் பூச்சிமருந்தில் மிச்சத்தைக் குளத்தில் ஊற்றிப் பார்ப்பது அதைவிட மோசம். அது உங்கள் பிள்ளையின் தட்டுக்கே வரும். மூன்றாவது, வெண்புள்ளிக்குத் தடுப்பூசி இதுவரை சந்தைக்கு வரவில்லை.

பணமுள்ள நாடுகளின் அனுபவத்தையும் பாருங்கள். நோர்வேயில் கடலில் கூடு கட்டிச் சல்மன் மீன் வளர்க்கிறார்கள். அங்கு கடற்பேன் என்ற ஒட்டுண்ணி பெரும் தொல்லை. ஆண்டுக்கணக்காக மருந்தை நம்பினார்கள். பேன்கள் அம்மருந்துகளுக்குப் பழகிவிட்டன. இன்று பேனைத் தின்னும் சிறு மீன்களைக் கூட்டுக்குள் விடுகிறார்கள். பேனைத் தாங்கும் சல்மன்களைத் தெரிந்து இனம்பெருக்குகிறார்கள். பசிபிக் கடலின் கோஹோ என்ற சல்மன் இனத்தில் பேன் கடித்த இடம் உடனே வீங்கித் தடித்துப் பேனை உதறிவிடுகிறது. பண்ணைகளில் வளரும் அத்திலாந்திக் சல்மனின் தோல் அவ்வளவு விரைவாக எழும்புவதில்லை. இவ்வளவு பணமும் விஞ்ஞானமும் உள்ளவர்களே கடைசியில் மீனின் சொந்தச் சக்தியிடம் திரும்பி வந்திருக்கிறார்கள். நாம் ஏன் அவர்கள் விட்டுவந்த பாதையில் புதிதாக நடக்கவேண்டும்?

மருந்தே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கறியுப்பு எளிய, பயனுள்ள மருந்து. நீரியல் உத்தியோகத்தரின் ஆலோசனையோடு அளவாகப் பாவிக்கலாம். ஆனால் நிலைமையைத் திருத்தாமல் மருந்தை மட்டும் ஊற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புவதாகும்.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

ஒன்று: குளத்தைத் தயார் செய்தல். தேயிலை மண் புளிப்பு மண். அந்த மண்ணில் வெட்டிய குளத்து நீரும் புளிப்பாக இருக்கும். புளித்த நீர் செவுளையும் சளியையும் அரிக்கும். கவ்வாத்து மலைக்குப் போடும் அதே டொலமைற்றைக் குளத்தின் அடிக்கும் இடலாம். மண்ணின் புளிப்பைப் பொறுத்து 100 சதுர மீற்றருக்கு 20 கிலோ அளவு போதுமானதாக இருக்கும். அறுவடை முடிந்ததும் நீரை வடித்து, அடி வெடிக்கும் வரை காயவிடுங்கள். மீனே இல்லாமல் இரண்டு வாரம் காய்ந்த குளத்தில் வெண்புள்ளி ஒட்டுண்ணிக்கு வாழ வழியில்லை.

இரண்டு: நெருக்காதிருத்தல். காற்றூட்டும் இயந்திரம் இல்லாத குளத்தில் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு மீன், மிஞ்சினால் இரண்டு. ஒரு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 25 சதுர மீற்றர். இரண்டு பேர்ச்சஸ் குளத்துக்கு 50 முதல் 100 குஞ்சுகள் போதும். இலவசமாகக் கிடைக்கிறது என்று 500 வாங்குவது நட்டத்தை வாங்குவதே.

மூன்று: குஞ்சை வரவேற்கும் முறை. பையைத் திறக்காமல் அரைமணி நேரம் குளத்தில் மிதக்க விடுங்கள். பின் குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சு தானாக நீந்தி வெளியேற விடுங்கள். வெயில் ஏறுமுன் இதைச் செய்வது நல்லது.

நான்கு: பழைய மீனோடு புதுக் குஞ்சைக் கலக்காதிருத்தல். நோய் வந்து பிழைத்த மீன் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் சில ஒட்டுண்ணிகளை அது சுமந்துகொண்டிருக்கலாம். தனக்கு நினைவு உண்டு, அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது. நினைவில்லாத குஞ்சு சாகும். குஞ்சை இரண்டு மூன்று வாரம் தனிக் குழியிலோ தாங்கியிலோ வைத்துப் பார்த்தபின் சேருங்கள்.

ஐந்து: இரை. பிறபொருளெதிரி என்பது புரதத்தால் ஆனது. வெறும் தவிட்டை மட்டும் போட்டு வளர்த்த மீனால் அதைப் போதியளவு ஆக்க முடியாது. மண்புழு, கறையான், சோயா, மீன்கழிவு என்று கிடைக்கும் புரதத்தைச் சேருங்கள். மிஞ்சிய இரையை அழுகவிடாதீர்கள். குளிர் நாட்களில் இரையைக் குறையுங்கள்.

ஆறு: நாள்தோறும் பார்த்தல். மீன் கல்லில் உராய்வதும், நீர் வந்து விழும் பீலியடியில் கூடுவதும், இரைக்கு வராமல் ஒதுங்குவதும் முதல் அறிகுறிகள். இந்த நேரத்தில் இரையை நிறுத்தி, பாதி நீரை மாற்றி, செத்ததை உடனே எடுத்துப் புதைத்தால் பல குளங்களைக் காப்பாற்றலாம். காலையும் மாலையும் குளத்தடியில் நிற்கும் பெண்களும் பிள்ளைகளும்தான் இதை முதலில் காண்பவர்கள். பயிற்சி வகுப்புக்கு ஆண்களை மட்டும் அழைப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

திட்டம் நடத்துவோர் செய்யவேண்டியவை

மேலே சொன்னவை அனைத்தையும் ஒரு குடும்பம் ஒழுங்காகச் செய்தாலும் மீன் சாகலாம். ஏனெனில் நீர் அந்தக் குடும்பத்தின் கையில் இல்லை. குளத்துக்கு வரும் கான் மேலே தேயிலை மலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் ஊடாக வருகிறது. மழைக்காலத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்து அடிப்பது நீண்டகால வழக்கம். அந்தச் செம்பு மீனின் செவுளுக்கு நஞ்சு. மலையகத்தின் நீரைப் போல உப்புச்சத்துக் குறைந்த மென்னீரில் அதன் நஞ்சு இன்னும் கூடும். கொல்லாத அளவில் வந்தாலும் செவுளையும் சளியையும் கெடுத்து ஒட்டுண்ணிக்குக் கதவைத் திறந்துவிடும். மழையும் குளிரும் மருந்தடிப்பும் ஒரே காலத்தில் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். மூன்றும் சேர்ந்து மீனின் எதிர்ப்புச் சக்தியை ஒரே நேரத்தில் தாக்குகின்றன.

எனவே தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல. மருந்தடிக்கும் நாளை முன்னரே குடியிருப்புக்கு அறிவியுங்கள். அன்று குளத்து வாய்க்காலை அடைத்துக்கொள்வோம். குளத்துக்கு வரும் ஓடையின் இரு கரையிலும் மருந்தடிக்காத ஒரு துண்டு நிலத்தை விடுங்கள். மருந்துத் தாங்கிகளை ஓடையில் கழுவ விடாதீர்கள்.

குஞ்சு வழங்கும் அரச நிறுவனங்களிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் வேறொரு கணக்கை வேண்டுகிறோம். எத்தனை ஆயிரம் குஞ்சு விடப்பட்டது என்ற கணக்கு அறிக்கைகளில் இருக்கிறது. மூன்று மாதத்தின்பின் எத்தனை உயிரோடு இருந்தன, குடும்பத்தின் சட்டிக்கும் சந்தைக்கும் எவ்வளவு வந்தது என்ற கணக்கே எமக்கு வேண்டும். சின்னஞ்சிறு குஞ்சுகளைப் பல்லாயிரமாக விடுவதிலும், உள்ளூரிலேயே சில வாரம் வளர்த்து, குளிருக்குப் பழக்கி, சற்றுப் பெரிதான பின் குறைவாக விடுவது மேல். அந்த வளர்ப்புக் குளங்களை இடம்பெயர்ந்த குடும்பங்களின் சங்கங்களுக்கே கொடுக்கலாம். அதுவே ஒரு தொழிலாகவும் அமையும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவைத் திடீரென நிறுத்தியது. 1994இல்தான் அது மீண்டும் தொடங்கியது. நக்டா என்று நாம் அழைக்கும் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபைக்கான சட்டம் 1998இல் வந்தது. இடையில் அந்த நான்கு ஆண்டுகள் குஞ்சுமின்றி ஆலோசனையுமின்றி மீனவக் குடும்பங்கள் தவித்தன. மேலிருந்து வரும் உதவி ஒரு நாள் நிற்கலாம் என்பதே அது தரும் பாடம். ஆகவே அறிவு உத்தியோகத்தரின் பைக்குள் மட்டும் இருக்கக்கூடாது. குடும்பங்களின் கையில் இருக்கவேண்டும். ஏழு பேர்ச்சஸ் வீட்டுக் காணிக்கே உறுதிக்காகக் காத்திருக்கும் மக்கள், நாளை யாருடையதாகும் என்று தெரியாத குளத்துக்கு டொலமைற் வாங்கிப் போடமாட்டார்கள். குளமும் அதற்கு வரும் நீரும் குறைந்தது பத்து ஆண்டுக்காவது இன்ன குடும்பங்களுக்கு என்று எழுத்தில் உறுதியானால், மீனின் நோயில் பாதி குறையும் என்பது எமது துணிபு.

மீனின் உடல் தன்னைக் காக்கத் தெரிந்த உடல். அதற்கு வேண்டியவை சுத்தமான நீர், போதிய இடம், வயிற்றுக்கு இரை, பழகிக்கொள்ளச் சிறிது காலம். இவற்றைக் கொடுக்காமல் மருந்துப் போத்தலை மட்டும் நீட்டும் திட்டத்தைக் கேள்வி கேளுங்கள். அடுத்தமுறை குஞ்சுப் பை ஏற்றிய வண்டி உங்கள் குடியிருப்புக்கு வரும்போது, கைதட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தக் குஞ்சு எங்கிருந்து வருகிறது? இது எமது குளிருக்குப் பழகியதா? இரண்டு வாரம் கழித்து இதைப் பார்க்க நீங்கள் வருவீர்களா?